இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு

போர் தொடங்குவதற்கு முந்திய இரண்டு வருடங்கள் நான் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் என்றதும் என் மாமா மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், என்றே நினைத்தார். பெண் கொடுக்க வந்தவர்கள் செக்கு எத்தனை ஓடுகிறது என்று விசாரித்தார்கள். பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடுகிற கூட்டம் எங்களுடையது. திண்டிவனத்தில் ஆறு மாதமும் விழுப்புரத்தில் ஒன்றரை வருடமும் கூடாரம் போட்டிருந்தோம். லாரிக்கு ஊற்றியதைத் தவிர வேறு எண்ணெயை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வேலை இதுதான். தரையில் குழி போட்டு, தோட்டா வைத்து வெடிப்பார்கள். குழியிலிருந்து நேர்கோட்டில் பன்னிரண்டு டப்பாக்களை இடைவெளி விட்டுத் தரையில் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு டப்பாவும் தன் காலடியில் பூமி நடுங்குவதை உணர்ந்து கம்பி வழியாக லாரிக்குச் சொல்லும். லாரிக்குள் நீளக் காகிதம் ஓடுகிற காமிரா ஒன்று இருந்தது. காகிதத்தை மருந்தில் கழுவி எடுத்தால் பன்னிரண்டு கோடுகள் தெரியும். சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு ஓரிடத்தில் துள்ளும். அந்த அதிர்வு அவ்வளவு தூரத்தைக் கடக்க எத்தனை நேரம் எடுத்தது என்பதைத் துள்ளல் காட்டிவிடும். அதை லென்ஸ் வைத்துப் படித்து, வேகத்தைக் கணக்கிட்டு, வேகத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுவது என் பங்கு.

மண் சோம்பேறி. அதில் அதிர்வு வினாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் அடிதான் போகும். கரும்பாறையில் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் அடி ஓடும். எண்ணெய் இருக்கிறதா என்று அந்த மெஷின் சொல்லாது. எண்ணெய் தங்குவதற்கு மெதுவான, மிருதுவான அடுக்குகள் வேண்டிய கனத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் சொல்லும். வேகம் சீக்கிரமே எகிறிவிட்டால் பாறை பக்கத்திலேயே இருக்கிறது, மூட்டையைக் கட்டலாம் என்று அர்த்தம். கிழக்கே கடற்கரைப் பக்கம் வேகம் ஏறாமல் இழுத்தடித்தது. எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கு முகம் மலர்ந்தது. மேற்கே முகையூர், கண்டாச்சிபுரம் பக்கம் போனால் கோடுகள் பட்டென்று துள்ளின. துரை சுருட்டைப் பற்றவைக்காமலே கடித்துக்கொண்டிருப்பார்.

வெடிக்கிற நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் எதுவும் அசையக் கூடாது. மாடு நடந்தால் டப்பாவுக்குத் தெரியும். உரலில் ஒருத்தி கேப்பை இடித்தால் தெரியும். அதனால் முன்னால் போய் ஊரை அசையாமல் நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. டப்பா பதிக்கிற கூலிகளில் நாற்பது வயதுக்காரர் ஒருவரை அதற்கு வைத்தோம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ரயில் பாதைக்கு மேற்கில் இருக்கும் ஒரு ஊரின் சேரியிலிருந்து வந்தவர். காக்கிச் சட்டை கொடுத்து, கையில் ஒரு சிவப்புக் கொடியையும் கொடுத்தார் துரை. அன்றெல்லாம் அவரை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. காலம் கடந்து வருகிற மரியாதை.

அவர் கொடியைத் தூக்கினால் நிலக்காரர்களின் கிணறுகளில் கவலை இறைக்கிற மாடுகள் பாதி இறக்கத்தில் நின்றன. நாற்று நடுகிற பெண்கள் குனிந்தது குனிந்தபடி நின்றார்கள். முதல் வாரம் ஒரு பெரிய நிலக்காரர், “இவன் சொல்லி நான் நிக்கணுமா?” என்று மாட்டை ஓட்டிவிட்டார். அந்தக் காகிதம் வீணாயிற்று. துரை அவரிடம் போய், தொப்பியைக் கழற்றாமல், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நிலக்காரருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அடுத்த வெடிக்கு மாடு நின்றது. கொடிக்காரர் எந்தப் பக்கமும் பார்க்காமல், கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த வேலையில் ஒரு கர்வம் இருந்தது, மறைப்பதில் பயனில்லை. கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, வினாடியை ஆயிரமாகக் கூறு போடுகிறவன் நான். விழுப்புரம் ஜங்ஷன் காபி கிளப்பில் என்னைச் சுட்டிக்காட்டி, “பூமிக்கு நாடி புடிச்சிப் பாக்கறவரு” என்று சொல்வார்கள். கேட்காதது மாதிரி காபியைக் குடிப்பேன். இன்னொரு காபியும் சொல்வேன்.

ஒரு நாள் கொடிக்காரர் என் கூடாரத்து வாசலில் வந்து நின்றார். கையில் கொடி இல்லை.

“சாமி, ஒரு சங்கதி கேக்கணுங்க.”

“கேள்.”

“நம்ம மெஷினு எண்ணெய்தான் பாக்குமா, தண்ணியும் பாக்குமாங்க?”

அவருக்குச் சர்க்கார் கொடுத்த மேட்டு நிலம் ஒரு காணி இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்தில் கிடைத்தது. வடக்கு மூலையில் கிணறு தோண்டினார்கள். இருபத்திரண்டு அடியில் பாறை தட்டிவிட்டது, தண்ணீர் இல்லை. தெற்கு மூலையில் தோண்டிப் பார்க்கலாமா, அங்கேயும் பாறைதானா என்பது அவர் கேள்வி.

“ரெண்டாம் போகத்துக்கா?” என்று கேட்டேன்.

“போகம் அப்பறங்க. குடிக்கறதுக்கு. ஊர்க் கெணத்துல நாங்க தண்ணி சேந்தக் கூடாது இல்லீங்களா. எங்க பொம்பளைங்க கொடத்த வெச்சிக்கினு நிக்கணும். யாராச்சும் எறக்கப்பட்டு ஊத்தனாதான் உண்டு. வெய்ய காலத்துல மத்தியானம் வரைக்கும் நிக்கறாங்க சாமி. நமக்குன்னு ஒரு கெணறு இருந்துட்டா போய் நிக்க வேணாம்.”

எனக்கு அது தெரியாத விஷயம் அல்ல. ஊர்க் கிணற்றருகே நிற்கும் பெண்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கொடி தூக்கியபோது அவர்கள்தான் கொஞ்சமும் அசையவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. மேல் மண்ணில் அதிர்வு மெதுவாகப் போகும். பாறையைத் தொட்டதும் ஓடும். எங்கே வேகம் மாறுகிறது என்று பார்த்தால் பாறையின் ஆழம் கிடைக்கும். நாற்பது அடிக்குக் கீழே பாறை என்றால், அதற்கு மேலே உளுத்த சுக்கான்கல் அடுக்கில் தண்ணீர் தங்க வாய்ப்பு உண்டு. சனிக்கிழமைகளில் டப்பாக்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சின்ன வெடி ஒன்று வைத்துச் சோதிப்போம். அதை எங்கே வைத்தாலும் துரைக்குக் கவலையில்லை. அடுத்த சனிக்கிழமை சோதனையை உன் நிலத்தில் வைக்கிறேன் என்றேன். அவர் கும்பிட்டார். எனக்கும் மனசுக்குள் கொஞ்சம் சந்தனம் பூசிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை காலை போனோம். அந்த நிலத்தை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். நாலு பக்கமும் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. தெற்கு மூலையில் மட்டும் சுமார் நூற்றுப் பத்தடி நீளத்துக்கு ஒரு பட்டை, போரடிக்கிற களம் மாதிரி சமமாக, கட்டையால் தட்டி இறுக்கி, சாணி தெளித்து மெழுகியிருந்தது. அவர் மனைவி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் சாணி இன்னும் காயவில்லை.

“இது என்ன?” என்றேன்.

“சுத்தமான எடத்துலதான் டப்பா வெக்கணும்னு நீங்க டெய்லியும் சொல்றீங்களே சாமி. அதான் ஜல்தியா பண்ணி வெச்சோம். அதுக்கே ஒரு வாரம் ஆயிடுச்சி.”

நான் அப்படிச் சொல்வது உண்மைதான். புல் இருந்தால் டப்பா ஆடும், சருகு இருந்தால் சத்தம் வரும், சுத்தமான கெட்டியான இடத்தில் வை என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கத்துவேன். ஒரு கூலி என் வார்த்தையை இவ்வளவு மதித்ததைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்தது. துரையிடம்கூடக் காட்டினேன். அவரும் வெரி குட் என்றார்.

டப்பாக்களைப் பத்தடிக்கு ஒன்றாக வைத்தோம். அவர் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். வெடித்தோம். காகிதம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு தடவை கணக்குப் போட்டேன். பாறை நாற்பது அடியில் இருப்பதாக வந்தது.

“நாற்பதடி வரைக்கும் பாறை இல்லை. தைரியமா தோண்டு” என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி சிரித்தார்; பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். லாரி கிளம்புகிறபோது இரண்டு பேரும் மெழுகிய தரைக்கு வெளியே நின்றார்கள். அதை மிதிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

சித்திரையில் அவர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போனார். அவரும், அவர் தம்பியும், அவர் மனைவியும் தோண்டினார்கள். நாங்கள் அப்போது முகையூர்ப் பக்கம் இருந்தோம். கொடிக்கு வேறு ஆளை வைத்தோம். அவன் கொடியைத் தூக்கிவிட்டுத் தானே பீடி பற்றவைக்கிற ரகம். நான் அவரை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது அவருக்காக அல்ல, காகிதங்கள் கெட்டுப்போனதற்காக.

வைகாசிக் கடைசியில் விழுப்புரம் கேம்புக்கு நடந்தே வந்தார். காக்கிச் சட்டை போடவில்லை. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன.

“பாறை தட்டிப்போச்சுங்க.”

“எத்தனை அடியில்?”

“இருவத்தஞ்சி, இருவத்தாறு இருக்குங்க.”

“இருக்காது” என்றேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது. கையில் கொப்புளத்தோடு நிற்கிற மனிதரிடம், என் காகிதம் சொல்லாத பாறை இருக்காது என்றேன். அவரும், “அதாங்க எனக்கும் ஒரே பேஜாரா கீது. நம்ம மெஷினு பொய் சொல்லாதே” என்றார்.

மறுநாள் போனேன். குழிக்குள் மூங்கில் ஏணி இறக்கியிருந்தார்கள். முதல் நாலைந்து படி இறங்கியதும் நின்றுவிட்டேன். எதிரே குழியின் சுவரில், மேலிருந்து இடுப்பு உயரம் கீழே, நாலு பக்கமும் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடியது. தொட்டுப் பார்த்தேன். புல் வேர். மக்கிப்போன கோரை, அறுகு, ஒரு ஆட்டுப் புழுக்கைகூட இருந்தது. கோட்டுக்கு மேலே பொலபொலவென்று கலந்த மண். அதில் சுக்கான் துண்டுகள், சரளை, பாறைச் சில். கோட்டுக்குக் கீழேதான் பூமி தொடங்கியது.

தெற்கு மூலை பள்ளமாக இருந்த இடம். டப்பா வைக்கத் தோதாக இருக்கட்டும் என்று, வடக்குக் கிணற்றில் தோண்டிப் போட்டிருந்த மண் மேட்டையெல்லாம் கூடை கூடையாகச் சுமந்து வந்து, பள்ளத்தை நிரப்பி, மேலே மட்டும் தட்டி மெழுகியிருக்கிறார்கள். ஒரு வாரம் சுமந்திருக்கிறார்கள். தோண்டிப் போட்ட மண்ணைப் போல மெதுவானது பூமியில் கிடையாது. அதிர்வு அந்த இடுப்பளவு மண்ணில் நொண்டியடித்து நேரத்தைத் தின்றிருக்கிறது. வெடித்த இடத்தில் ஒரு தரம், டப்பாவின் அடியில் ஒரு தரம். அந்த நேரத்தை நான் ஆழம் என்று படித்தேன். பாறை இருபத்தைந்தடியிலேயே இருந்தது. பதினைந்தடியை என் பென்சில் சேர்த்துவிட்டது.

இருபத்திரண்டடி ஆழமான வடக்குக் கிணற்றின் கரையில் அன்று நின்றவன் நான். தோண்டிய மண் எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏர் பிடிக்கிற எவனும் கேட்டிருப்பான். எனக்குத் தோன்றவில்லை. நான் மெழுகிய தரையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மேலே ஏறி வந்தேன். அவரும் அவர் மனைவியும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர் மனைவியின் தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. நீங்கள் சுமந்து கொட்டிய மண்தான் கெடுத்துவிட்டது என்று அந்தச் சும்மாட்டைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. “என் கணக்குத் தப்பு” என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்னதே பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன்.

“ஒங்க கணக்கு தப்பாதுங்க” என்றார் அவர், எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி. “அந்த எடத்து ராசி அப்பிடி.”

பாறையை உடைக்க வெடி வேண்டும். எங்கள் லாரியில் பெட்டி பெட்டியாகத் தோட்டா இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. நான் துரையிடம் கேட்டேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். இன்னொரு முறை கேட்டால் உன் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இன்னொரு முறை நான் கேட்கவில்லை.

பிறகு போர் வந்தது. துரை பட்டாளத்துக்குப் போனார். டப்பாக்களை வைக்கோல் வைத்துக் கட்டி ரயிலில் ஏற்றினோம். கம்பெனி கடைசியாக என்ன முடிவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய வேகங்கள் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கே தப்புப் போட்டால் பிள்ளைகள் கரும்பலகையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

நாலைந்து வருடம் கழித்து, பங்குனி மாதத்தில், பள்ளிக்கூட வேலையாக அந்த ஊர் வழியே நடக்க வேண்டி வந்தது. பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடிய காலம்; பாதி வழியில் நின்றுவிடும். முதலில் ஊர்க் கிணறு கண்ணில் பட்டது. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு எட்ட நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிட்டேன். நிலத்துப் பக்கம் திரும்பாமல் போயிருக்கலாம். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“சாமி! மெஷினு சாமி!”

ஓடி வந்தார். தலை நரைத்திருந்தது. பத்தடிக்கு அந்தப் பக்கமே நின்று கும்பிட்டார். வாங்க வாங்க என்று நிலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். வடக்குக் கிணறு முள் போட்டு மூடியிருந்தது. தெற்குக் கிணற்றின் அடியில் மழைத் தண்ணீர் பச்சையாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதுவும் ஆட்டுக்குத்தான் ஆகும் என்றார். பிறகு மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பட்டை. நூற்றுப் பத்தடி நீளம். சமமாக, கட்டையால் தட்டி, சாணி போட்டு மெழுகி, வெயிலில் பளபளவென்று கிடந்தது. சுற்றிலும் ஆடு மாடு ஏறாமல் முள்வேலி கட்டியிருந்தார். தெற்குக் கிணற்றருகே தோண்டிப் போட்டிருந்த மண் மேட்டைக் காணோம்.

“வெள்ளிக்கு வெள்ளி மெழுவிடுவோங்க. சண்ட முடிஞ்சா மெஷினு திரும்பி வரும் இல்லீங்களா? வந்தா இந்த மூலைல பாத்து சொல்லிடுங்க சாமி. போன தரத்துக்கு இப்ப இன்னும் கெட்டியா தட்டி வெச்சிருக்கறேன்.”

 இதற்குள் அவர் மனைவி ஊர்க் கிணற்றிலிருந்து வந்துவிட்டார். இடுப்புக் குடத்தில் பாதிதான் தண்ணீர். என்னை அடையாளம் கண்டு, குடத்தை இறக்கி வைத்தார். மெழுகிய தரையில் அல்ல, தள்ளி.

அப்போதுதான் சொன்னேன். கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கொட்டிய மண்ணில் அதிர்வு நொண்டும் என்று சொன்னேன். மெஷினுக்கு மெழுகிய தரை வேண்டாம், யாரும் தொடாத தரைதான் வேண்டும், சுத்தம் என்று நான் சொன்னது புல்லும் சருகும் இல்லாத இடத்தைத்தான் என்று சொன்னேன். தப்பு என்னுடையது, கேட்காமல் விட்டவன் நான் என்றும் சொன்னேன். மெஷின் திரும்பி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து, மெழுகிய தரையை விரலால் கீறிப் பார்த்தார். காய்ந்த சாணி ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்து செம்மண் பொடி உதிர்ந்தது.

அவர் மனைவிதான் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. விவரம் தெரிந்துகொள்கிறவர் மாதிரி கேட்டார்.

“கெணத்துல எறங்கிப் பாத்தீங்களே, அன்னிக்கே இது தெரியுமா சாமி?”

“தெரியும்” என்றேன்.

அவர் மனைவி வேலியில் செருகியிருந்த கூடையை உருவி எடுத்து, அதில் ஒட்டியிருந்த பழைய மண்ணைத் தட்டிவிட்டு, புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீறிய இடத்திலிருந்து கொட்டிய மண்ணை அள்ள ஆரம்பித்தார்.